ஏழுமலை காட்டிய கை

திருவொற்றியூர் ரயில்வே கேட்டில் லாரியை நிறுத்தியிருந்தேன். பக்கத்து வண்டி டிரைவர் எட்டிப் பார்த்து, "ஏழுமலை போய்ட்டாரு, பாய்" என்றார். கேட் திறந்தும் வண்டியைக் கிளப்ப மனம் வரவில்லை. யுத்தம் முடிந்ததும் பட்டாளம் ஏலம் விட்ட லாரி ஒன்றில் சேர்ந்து ஓட்டப் பழகியவர்கள் நானும் ஏழுமலையும். அவர், இவர் என்று எழுதினால் அவனே சிரிப்பான். ஆகவே அவன் என்றே எழுதுகிறேன்.

ராயபுரம் குப்பத்தில் கட்டுமரத்தை விட்டு ஸ்டியரிங் பிடித்த முதல் ஆள் அவன். குப்பத்தில் கேலி பேசாதவர் இல்லை. கடலை விட்டுத் துறைமுகத்தில் கரி சுமக்க வந்திருந்தவனிடம் எங்கள் லாரி முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: லைசென்ஸ் பரீட்சையில் தேறினால் டிரைவர், தவறினால் மறுபடி கரிக்கூடைதான்.

பரீட்சையன்று இன்ஸ்பெக்டர் அவன் பக்கத்தில், நான் பின்னால். கடற்கரைச் சாலையில் இடதுபக்கம் திரும்பச் சொன்னார். விதிப்படி ஏழுமலை ஜன்னல் வழியே கையை நீட்டிச் சுழற்றினான். கடலில் அப்படிச் சுழற்றினால், இங்கே மீன் இருக்கிறது, வா என்று அர்த்தம். ஓரத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த அவன் சொந்தக்காரர்கள், நம்ம பையன் கூப்பிடுகிறான் என்று கூட்டமாகச் சாலைக்கு ஓடிவந்துவிட்டார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. அவனோ சுழற்றிய கையை நேரே உயர்த்தி, பின்னால் வந்த மாட்டுவண்டியையும் நிற்கச் சொல்லிவிட்டு, குலுங்காமல் லாரியை நிறுத்தினான்.

இது என்ன கூத்து என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"கடல்ல இப்டி கைய சுத்துனா வான்னு அர்த்தம் சார். அவங்க மேல தப்பு இல்ல. கை காட்டுனா மட்டும் போதுமா? பாத்தவனுக்கு இன்னா புரிஞ்சுதுன்னு நாமதான் பாக்கணும். பாத்துகினுதான் இருந்தேன்."

தேறிவிட்டாய் என்று அவர் அங்கேயே சொல்லிவிட்டார். அதற்குள் மொத்தக் கூட்டமும் பின்னால் ஏறிக்கொண்டது. கேலி பேசிய வாய்களெல்லாம் விசிலடிக்க லாரி குப்பத்துக்குள் போனது. எந்த மந்திரிக்கும் அப்படியொரு ஊர்வலம் நடந்திருக்காது.

அதன்பின் துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் எத்தனையோ நடை அடித்தான். அவன் வண்டியில் ஒரு கோழிகூட அடிபட்டதில்லை. அவனைப் பார்த்து ஸ்டியரிங் பிடித்த குப்பத்துக்காரர்கள் இதைப் படிக்கும் டிரைவர்களான உங்களிலேயே பலர் இருக்கிறீர்கள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அவனை அடக்கம் செய்த மறுநாள் வண்டி எடுத்தேன். தண்டையார்பேட்டை முனையில் வலதுபக்கம் திரும்பக் கை நீட்டிவிட்டு, எதிரே வந்த கைவண்டிக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையசைத்த பிறகுதான் திருப்பினேன். நடுவில் காத்திருந்த அந்தக் கொஞ்ச நேரம் ஏழுமலை எனக்குக் கொடுத்தது. பின்னால் எவன் ஹாரன் அடித்தாலும் அதை விட்டுத்தர மாட்டேன்.