மொரீஷியஸ் போகும் வழியில் செம்பூர்

1949 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாதுங்காவிலிருந்து கிளம்பினோம். டாக்சியின் கூரையில் இரண்டு புதிய தோல் பெட்டிகள். என் கழுத்தில் ஜவந்தி மாலை. எங்கள் கட்டிடத்தின் மூன்று மாடியிலும் ஆட்கள் நின்று கையசைத்தார்கள். எதிர்வீட்டு பாகீரதி டாக்சி ஜன்னலுக்குள் தலையை நீட்டி, "சங்கு மறந்துடாதேடி. நல்லதாக் கிடைச்சா நேக்கு ரெண்டு" என்றாள். மறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

பம்பாயிலிருந்து கப்பலில் செஷல்ஸ் தீவு. அங்கே மூன்று நாள். பிறகு மொரீஷியஸில் மூன்று வாரம், கடலைப் பார்த்த தனிக் குடிலில் தங்கல். இதுதான் திட்டம். இதை ஆறு மாதமாகப் போட்டோம். என் கணவர் சுந்தரேசன் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம்ஸ் பிரிவுக்குத் தலைவர். தீப்பிடித்தது, திருட்டுப் போனது என்று வருகிற மனுக்களைப் படித்து, எது நிஜம் எது புளுகு என்று பிரிப்பது அவர் உத்தியோகம். கல்யாணமாகி இருபது வருஷம், குழந்தை இல்லை, ஊர் உறவு என்று பெரிய செலவுகளும் இல்லை. ஒருநாள் சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்தவர் வர்ணப் படங்கள் போட்ட ஒரு புத்தகத்தை என் மடியில் வைத்தார். நீலக் கடல், வெள்ளை மணல், சாய்ந்த தென்னை, அதன் நிழலில் ஒரு சாய்வு நாற்காலி. நாற்காலி காலியாக இருந்தது. அதில் நானே உட்கார்ந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு சந்து, இரண்டாவது மாடி. ஏஜெண்டு பெயர் வரதன். நம் பாஷைக்காரன், முப்பது வயதிருக்கும், நெற்றியில் சின்னதாகச் சந்தனம். "மாமி, அங்கே முருகன் கோயில் கூட இருக்கு. சமையலுக்கு நம்ம ஆளே ஏற்பாடு பண்ணித் தரேன். நீங்க தயிர் சாதத்துக்குக் கவலைப்படவே வேண்டாம்" என்றான். கப்பலில் எந்தப் பக்கத்து அறையில் வெயில் அடிக்காது என்றெல்லாம் சொன்னான். இருவருக்கும் போக வரக் கப்பல், குடில், சாப்பாடு எல்லாம் சேர்த்து மூவாயிரத்து இருநூறு ரூபாய். இரண்டு தவணையாகக் கட்டினோம்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. பள்ளிக்கூட அட்லாஸை விரித்து வைத்துக்கொண்டு, குடில் கிழக்கே பார்த்திருக்க வேண்டுமா மேற்கே பார்த்திருக்க வேண்டுமா என்று சண்டை போட்டோம். ஹோட்டலில் மானம் போகக்கூடாதே என்று உப்புமாவை முள்கரண்டியால் சாப்பிட்டுப் பழகினேன். அம்மை ஊசி போட்டுக்கொண்டு இரண்டு பேரும் தோள் வீங்கிக் கிடந்தோம். சாயங்காலம் மொட்டை மாடியில் பெண்களுக்கு எங்கள் பயணத்தை ஒவ்வொரு நாளாக விவரிப்பேன். கேட்டுக் கேட்டு பாகீரதிக்கும் ஆசை வந்துவிட்டது. அவள் கணவர் ராமசேஷன், பாலக்காட்டுக்காரர், ரயில்வே கணக்கு ஆபீசில் வேலை. அவர்கள் இருவரையும் வரதனிடம் அழைத்துப் போய் அறிமுகம் செய்தவள் நான்தான்.

பத்தேகால் மணிக்குத் துறைமுகம் சேர்ந்தோம். டாக்சி நான்கு ரூபாய். கப்பல் நின்றது, உண்மையான கப்பல்தான். வாசலில் இருந்த உத்தியோகஸ்தர் எங்கள் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு என் கணவரை மெதுவாக நிமிர்ந்து பார்த்து இங்கிலீஷில் சொன்னார்: "இது டிக்கெட் இல்லை. இந்தக் கப்பல் மொரீஷியஸ் போவதும் இல்லை."

பின்னால் நின்றவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு முன்னே போனார்கள். நான் மாலையைக் கழற்றிக் கைப்பையில் திணித்தேன்.

என் கணவர் மட்டும் வரதன் ஆபீசுக்கு ஓடினார். நான் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது கோட்டின் பின்புறம் முழுக்க வேர்வை. "பூட்டியிருக்கு" என்றார்.

"போலீஸ்ல சொல்லலாம்னா."

"சொன்னா பேப்பர்ல போடுவான். கிளெய்ம்ஸ் ஆபீசரையே ஒருத்தன் ஏமாத்திட்டான்னு. அப்புறம் ஆபீஸ்ல எவன் முகத்தில முழிக்கறது?"

என் மனதில் மூன்று மாடியும் கையசைத்துக்கொண்டிருந்தது.

அப்போது காசிம் பாய் வந்தார். தாராவியில் தோல் பட்டறை வைத்திருப்பவர். எங்கள் பெட்டிகளைத் தைத்தவர். பெட்டிக்குக் கித்தான் உறை காலைக்குள் முடியவில்லை, துறைமுகத்துக்கே கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

"என்னம்மா, சங்கு ஊதியாச்சு. நீங்க இன்னும் ஏறலியா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர், "இது வேற கப்பல். எங்க கப்பல் தள்ளிப் போயிடுத்து பாய். ஒரு வாரமாகுமாம்" என்றார். நான் தரையைப் பார்த்தேன்.

"அதுக்கு ஏன் இங்கன உக்காந்திருக்கீய? வீட்டுக்குப் போயிட்டு வரலாம்லா?"

"மாலையெல்லாம் போட்டு அனுப்பியிருக்கா. திரும்பிப் போக என்னமோ மாதிரி இருக்கு" என்றேன் நான். அந்தப் பொய்க்கு நான் போட்ட முட்டு அது.

அவர் உறைகளைப் பெட்டிமேல் வைத்தார். "செம்பூர்ல ஒரு வீடு கெட்டிப் போட்டிருக்கேன். இன்னும் வாடகைக்கு விடல. ரெண்டு ரூம்பு, பக்கத்துல கெணறு. உங்களுக்குச் சரிப்படும்னா கப்பல் வார வரைக்கும் இருங்க" என்றார்.

சயான் தாண்டியதும் ஊர் முடிந்துவிடுகிறது. உப்பளம், சேறு, கொக்கு. டாக்சிக்காரர் ஆறு ரூபாய் கேட்டு வாங்கிக்கொண்டார். போகாதவர்களுக்குச் சொல்கிறேன்: செம்பூர் அழகான இடம். தென்னையும் பனையும் உண்டு. விடியற்காலையில் கழிமுகத்துப் பக்கமிருந்து காற்று வரும். நகரத்துக் குப்பையை ஏற்றிக்கொண்டு போகும் ரயில் கடக்கும்போது மட்டும் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு ஒரு பர்லாங்கு தூரத்தில் பழைய பட்டாளத்துக் கொட்டகைகள். யுத்தம் முடிந்து காலியானவற்றில் இப்போது கராச்சியிலிருந்து வந்த அகதிகள் இருந்தார்கள்.

முதல் நாளே அரிசிக்குத் திண்டாட்டம். எங்கள் ரேஷன் கார்டு மாதுங்கா கடையில் பதிவானது. செம்பூரில் ஒரு மணி அரிசி பெயராது. ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாவிட்டால் என்று பெட்டியில் வைத்திருந்த ஸ்பிரிட் அடுப்பில் காப்பி போட்டோம். ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டோம். கடற்கரையில் போட்டுக்கொள்ள வாங்கிய வெள்ளைக் கால்சட்டையோடு என் கணவர் கிணற்றில் தண்ணீர் இறைத்தார்.

ஞாயிறு மத்தியானம் கிணற்றடிக்கு ஒரு சிந்திப் பெண் வந்தாள். என் வயதுதான். வாசலில் கிடந்த பெட்டிகளைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். "ஜஹாஜ் ஸே ஆயே?" என்றாள். கப்பலில் வந்தீர்களா என்று கேட்கிறாள். அவர்களெல்லாம் கராச்சியிலிருந்து கப்பலில் வந்தவர்கள்.

என் கணவர் தலையை அசைத்தார். ஆமாம் என்பதுபோல. ஏன் அசைத்தார் என்று அவருக்கே தெரியாது. பிறகு கேட்டபோது, "வேற என்ன சொல்றது?" என்றார்.

அவள் உச்சுக் கொட்டிவிட்டுப் போனாள். அரை மணியில் துணியில் சுற்றி ஆறு சப்பாத்தியும் ஒரு துண்டு வெல்லமும் கொண்டு வந்தாள். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் இல்லை. உண்மையைச் சொன்னால்தான் வேண்டாம் என்று சொல்ல முடியும். வாங்கிக்கொண்டேன். பசி, சாப்பிட்டோம். தொண்டையில் அடைத்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் ஒரு துண்டு மிச்சமில்லாமல் சாப்பிட்டோம். மறுநாளும் கொண்டு வந்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் காசிம் பாய் ஒரு சிறு மூட்டை அரிசியோடு வந்தார். திண்ணமாக அது அவர் வீட்டு ரேஷனிலிருந்து எடுத்தது. வாசற்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர், சந்தோஷமாக ஒரு சமாசாரம் சொன்னார்.

"உங்க எதிர்வீட்டு ஐயரும் ரெண்டு பெட்டிக்குச் சொல்லியிருக்காரும்மா. அதே ஏசெண்டுதான். நாளைக்குப் பணம் கெட்டப் போறாராம். அவுக கப்பலாவது தள்ளிப் போகாம இருக்கணும்."

"ஆபீஸ் திறந்திருக்கா?" என்றார் என் கணவர்.

"திங்கக்கிழமையே தொறந்துட்டாகளே."

அவர் போன பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. வரதன் ஓடவில்லை. சனிக்கிழமை எங்களுக்குப் பயந்து கதவைப் பூட்டியிருக்கிறான். நாங்கள் கூச்சல் போடவில்லை என்று தெரிந்ததும் மறுபடி திறந்துவிட்டான்.

"ஒரு கார்டு போட்டுடலாம். பேர் போடாம" என்றார் அவர்.

"கார்டு வெள்ளிக்கிழமை போய்ச் சேரும். பணம் நாளைக்குப் போயிடும்."

"நாம சொல்லித்தான் தெரியணுமா? அவாளுக்கும் விசாரிக்கத் தெரியாதா?"

"விசாரிக்க வேண்டாம்னு சொன்னதே நான்தான்னா. 'நாங்க பார்த்தாச்சு, நல்ல மனுஷன்'னு பாகீரதிகிட்ட நான் சொன்னேன்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வியாழன் காலை பெட்டிகளை அங்கேயே வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்பினோம். வழியில் அந்தச் சிந்திப் பெண் எதிர்ப்பட்டாள். நான் நல்ல புடவை கட்டியிருந்ததைப் பார்த்து முகம் மலர்ந்து, "கர் மில் கயா?" என்றாள். வீடு கிடைத்துவிட்டதா? என்னால் முடிந்தது, ஆமாம் என்பதற்கு "ஹாங்" என்ற ஒரு சொல்தான். அவள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

செம்பூரிலிருந்து குர்லாவுக்குக் கரி வண்டி. அங்கே மாறி மாதுங்காவுக்கு மின்சார வண்டி. மொத்தம் ஐந்து மைல்தான் இருக்கும். ஸ்டேஷனிலிருந்து எங்கள் தெரு வரை இரண்டு பேர் எங்களை நிறுத்தி, "அதுக்குள்ளே வந்துட்டேளா!" என்றார்கள். கட்டிடத்து வாசல் வந்ததும் என் கணவர் நின்றுவிட்டார். "நீ போய்ச் சொல்லு. நான் இங்கேயே இருக்கேன்" என்றார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நான் வற்புறுத்தவில்லை.

ராமசேஷன் படியிறங்கி வந்துகொண்டிருந்தார். கக்கத்தில் துணிப்பை, அதன் வாயை முறுக்கிப் பிடித்திருந்தார். என்னைக் கண்டு அப்படியே நின்றார். மேலே கதவைத் திறந்த பாகீரதி, "அய்யோ! கப்பல் முழுகிடுத்தா?" என்று கத்தினாள்.

படியில் நின்றபடியே சொன்னேன். கப்பல் இல்லை, டிக்கெட் இல்லை, குடில் இல்லை, வரதன் திருடன். இரண்டு மூன்று கதவுகள் திறந்தன. யார் யார் என்று நான் பார்க்கவில்லை. பாகீரதி இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நல்ல வேளை, நல்ல வேளைடி, நீ வந்தே" என்றாள்.

ராமசேஷன் அழவில்லை. கணக்கு ஆபீஸ்காரர், மெல்ல விரல் மடக்கினார்.

"நீங்க கிளம்பினது சனிக்கிழமை, கேட்டேளா. இன்னிக்கு வியாழன். இத்தனை நாள் எங்கே இருந்தேள்?"

"செம்பூர்ல."

"செம்பூர்லயா?" அவர் குரல் உயரவே இல்லை. "செவ்வாய்க்கிழமை நான் அவன்கிட்ட அறுநூறு ரூபாய் அட்வான்ஸ் கட்டினேனே, மாமி. செம்பூர்லேர்ந்து வர ஒரு மணி நேரந்தானே ஆகும்?"

பாகீரதியின் கை என் தோளிலிருந்து இறங்கியது.

அன்றே இரண்டு ஆண்களும் கோட்டைக்குப் போய்ப் போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். போலீசார் போனபோது மாடி காலியாக இருந்தது. ராமசேஷன் பணத்தோடு வராததிலேயே சந்தேகப்பட்டு, வரதன் நாற்காலிகளைக்கூட எடுத்துப் போய்விட்டான். இதுவரை அகப்படவில்லை. சனிக்கிழமை ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் நான்கு வரி வந்தது, என் கணவர் பெயரோடு. ஆபீசில் யாரும் எதுவும் சொல்லவில்லையாம். அவர் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறதாம், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டிகளை எடுத்துவரச் செம்பூர் போனோம். ராமசேஷனும் கூட வந்தார். அவர் தைக்கச் சொன்ன பெட்டிகள் வேண்டாம் என்று காசிம் பாயிடம் சொல்ல வேண்டும். எங்களோடு வருவதில் அவருக்கு வேறு பிரியம் ஒன்றும் இல்லை. ரயிலில் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து சேற்றைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

சொல்லி அனுப்பியிருந்ததால், காசிம் பாய் அந்தச் செம்பூர் வீட்டின் வாசலில் எங்களுக்காகக் காத்திருந்தார். "வாங்க, வாங்க. மறு கப்பல் எப்பம்மா?" என்றார்.

நான் பேச வாயெடுத்தேன். என் கணவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். படியில் நான் பேசியபோது தெருவில் நின்ற மனிதர், இப்போது ராமசேஷனுக்கும் கேட்கும்படி சொன்னார்:

"கப்பல் தள்ளிப் போகலை பாய். எங்களுக்குக் கப்பலே கிடையாது. ஏமாந்துட்டோம். வெட்கப்பட்டுண்டு உங்ககிட்டயும் பொய் சொல்லி, உங்க வீட்டிலேயே ஒளிஞ்சுண்டிருந்தோம். அதனால இவருக்கும் பணம் போச்சு. இவருக்குப் பெட்டி வேண்டாம்."

காசிம் பாய் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். "தோல வெட்டிட்டேனே" என்றார். எங்களிடம் சொன்னதுபோல இல்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுபோல இருந்தது. பிறகு உள்ளே போய்ப் பெட்டி ஒன்றின் ஒரு பக்கத்துப் பிடியைத் தூக்கினார். "வண்டி வார நேரம். யாராவது அந்தப் பக்கம் பிடிங்க" என்றார். வெட்டின தோலுக்கு என் கணவர் பணம் தருவதாகச் சொன்னதற்கு, "அதைப் பொறவு பேசுவோம்" என்று மட்டும் சொன்னார். அவர் வழக்கமாகச் சிரிக்கும் சிரிப்பு அன்று இல்லை.

வெளியூர் போய்வந்தவர்கள், திரும்பியதும் தம் ஊர் சிறுத்துவிட்டது என்று எழுதுவார்கள். எனக்கு மாதுங்கா பெரிதாகிவிட்டது. கடைக்குப் போகிற வழி நீளமாக இருக்கிறது. ஒவ்வொரு ஜன்னலுக்கும் கண் இருப்பதுபோல் இருக்கிறது. அறுநூறு ரூபாயை என் கணவர் கொடுத்துவிட்டார். ராமசேஷன் எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். ஆனால் அது பிறகு நடந்தது.

அன்று திரும்பும் ரயிலில், குர்லா தாண்டியதும், என் கணவர் அவரிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். ராமசேஷன் கையை உயர்த்தினார்.

"இப்போ வேண்டாம், ஓய். நேக்குக் கொஞ்ச நாள் ஆகும்."

"ஆகட்டும்" என்றார் என் கணவர்.

மாதுங்கா வந்தது. ராமசேஷன் முதலில் இறங்கி, திரும்பி, பெட்டியை வாங்கிக்கொள்ள இரண்டு கைகளையும் நீட்டினார்.