தானேதார் கொடுத்த ரத்தம்

தூத்துக்குடிக்காரரான அந்தோணி டெல்லிக்கு வந்தது ஒரு மத்திய அரசு அதிகாரியின் கார் டிரைவராக. அதிகாரி ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியபோது அந்தோணி கூடப் போகவில்லை. ஒரு பழைய கார் வாங்கி டாக்சியாக ஓட்டத் தொடங்கினார். கிட்வாய் நகரை ஒட்டிய கோட்லா முபாரக்பூரில், இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கியாக வேண்டிய ஒரு சந்தில், அவரும் மனைவி லதாவும் ஓர் அறையில் குடியிருக்கிறார்கள். லதா கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் சில வீடுகளுக்குச் சமையல் செய்கிறாள்.

அந்தோணி சட்டென்று கோபப்படுகிற மனிதர். தெருவில் நடக்கும்போது யாராவது ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்த்து முறைப்பார். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் நிதானம் வந்துவிடும். "இத்தன வருஷம் ரிங் ரோட்ல ஓட்டுதேன். என் வண்டி ஒரு உசிரத் தொட்டதில்ல" என்று ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களிடம் சொல்லிக்கொள்வார். அது வெறும் பெருமை இல்லை, உண்மையும்கூட. அந்த ஜனவரி வரைக்கும்.

அன்று காலை பனிமூட்டத்தில் எதிர்ச் சுவர் தெரியவில்லை. சரோஜினி நகரில் விமான நிலையத்துக்குப் போக ஒரு சவாரி காத்திருந்தது. அந்தோணி அவசரமாக ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார்.

வந்த சத்தத்தைக் கேட்டதும் ஏதோ குழந்தை என்றுதான் அவர் நினைத்தார். எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே குதித்துச் சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தார். ஒன்றுமில்லை. சத்தம் பானெட்டுக்குள்ளிருந்து வந்தது. திறந்தார். சாம்பல் வரி போட்ட ஒரு பெண் பூனை, பெல்ட்டுக்கும் கம்பிகளுக்கும் நடுவே சிக்கிக் கிடந்தது. முந்தின நாள் வண்டி வந்து நின்ற சூட்டுக்காக உள்ளே ஏறிப் படுத்திருக்கிறது. இடுப்பிலிருந்து தொடை வரைக்கும் தோல் உரிந்து, துணி மாதிரி தொங்கியது.

"லதா! ஏட்டி லதா! சால்வைய எடுத்துட்டு வா!"

லதா ஓடி வந்து பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். சால்வையைப் போட்டு மூடி இருவரும் பூனையை வெளியே எடுப்பதற்குள் அது அந்தோணியின் கட்டைவிரலைக் கடித்துவிட்டது. அவருக்கு அது உறைக்கவே இல்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்தார். சாவியைப் பிடித்தார். கை திரும்பவில்லை. இரண்டாம் முறையும் திரும்பவில்லை. கடைசியில் லதாதான் ஆட்டோ பிடித்தாள்.

அவர்கள் போனது பிராணிகளுக்கான ஒரு சிறிய தொண்டு மருத்துவமனைக்கு. அங்கே டாக்டர் மது இருந்தாள். கரோல் பாகில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது, பேச மட்டும் வரும். லதா தமிழில் புலம்பியதைக் கேட்டதும் அவளும் தமிழுக்கு மாறினாள்.

"அண்ணா, ஆக்சிடென்ட்டா?"

"என் வண்டிதான். நான்தான் ஸ்டார்ட் பண்ணினேன்."

"அச்சா. மொதல்ல உங்க கைய சோப் போட்டுக் கழுவுங்க. ரேபீஸ் ஊசி இன்னிக்கே போட்டுக்கணும். நான் இத பாத்துக்கறேன். பேரு என்ன எழுதட்டும்?"

பெயரா? அந்தோணி லதாவைப் பார்த்தார். பிறகு வாயில் வந்ததைச் சொன்னார். "ரோசி."

மது காயத்தைச் சுத்தம் செய்து, தொங்கிய தோலை இழுத்துத் தைத்தாள். முதல் சில நாட்கள் ரோசி பிழைத்துவிடும் போலத் தெரிந்தது. அதன்பின் தைத்த தோல் கறுக்கத் தொடங்கியது. ரத்த ஓட்டம் இல்லாத தோல் செத்துவிட்டது என்று மது சொன்னாள். அதை வெட்டி எடுத்தபோது உள்ளங்கை அகலத்துக்குப் புண் திறந்துகொண்டது. சீழ் பிடித்தது. மருந்தில் சீழ் நின்றது. புண் மட்டும் மூடவில்லை. வெளிறிப்போய், ஓரங்கள் அசையாமல், வாரக்கணக்கில் அப்படியே கிடந்தது.

அந்தோணி தினமும் போனார், பஸ்ஸில். வண்டியை ஸ்டாண்டில் ஒரு நண்பர் இரவல் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். உடம்பு சரியில்லை என்று இவர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். லதாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். வண்டி வீட்டு வாசலில் நிற்கும்போது இவர் போய் உட்கார்ந்து, சாவியைத் தொட்டுவிட்டு இறங்கி வருவதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாள்.

ஒருநாள் அவளும் கூட வந்தாள். கட்டு மாற்றும்போது ரோசி கத்தவில்லை. கத்தத் தெம்பில்லாமல் கண்ணை மூடிக்கொண்டது. லதா வராந்தாவுக்கு வந்து அழுதாள்.

"போதுங்க. ஊசி போட்டு ஒரேயடியாத் தூங்க வச்சிரச் சொல்லுங்க. நீங்க உங்களுக்காக அத இழுத்துட்டுக் கெடக்கீங்க."

அந்தோணிக்குச் சுரீரென்றது. திட்டத்தான் வாயெடுத்தார். அவள் சொன்னது பொய்யென்று அவரால் சொல்ல முடியவில்லை.

உள்ளேயிருந்து மது வந்தாள். இருவர் முகத்தையும் பார்த்தாள்.

"அக்கா சொல்றது தப்பு இல்ல. நானும் அதத்தான் யோசிச்சிட்டு இருந்தேன். ஆனா ஒரு வழி பாக்கி இருக்கு. ரத்தத்துல பிளேட்லெட்னு சின்னச் சின்ன துணுக்கு இருக்கும். அடிபட்டா ரத்தத்த உறைய வைக்கறது அதுதான். புண்ண ஆற வைக்கற சத்தும் அதுக்குள்ளதான் இருக்கு. ரத்தத்த மெஷின்ல சுத்தவிட்டா அத மட்டும் தனியா எடுக்கலாம். அத புண்ணச் சுத்தி ஊசியில போட்டு, மேலயும் ஊத்தினா, நின்னு போன புண்ணு சில சமயம் மறுபடி ஆற ஆரம்பிக்கும்."

"எடுங்க டாக்டர். இன்னிக்கே எடுங்க."

"இதுகிட்ட ரத்தமே இல்லண்ணா. ஈறு பாருங்க, பேப்பர் மாதிரி வெள்ளையா இருக்கு. இதுலேந்து எடுத்தா டேபிள்லயே போயிடும். வேற பூனை வேணும். நல்ல ஆரோக்கியமா, பெரிசா. டெஸ்ட் பண்ணி ரத்தம் ஒத்துப் போகணும். ஜல்தி வேணும், இது ரொம்ப நாள் தாங்காது."

நல்ல ஆரோக்கியமான, பெரிய பூனை ஒன்றை அந்தோணிக்குத் தெரியும். சந்து முழுக்கத் தெரியும். காது கிழிந்த, தலை பெருத்த அந்தச் செம்பழுப்புக் கடுவனுக்குத் தானேதார் என்று பெயர். போலீஸ் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் மாதிரி யார் வீட்டுக்குள்ளும் கேட்காமல் நுழைந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு போவதால் வைத்த பெயர். அந்தோணியே அதைப் பலமுறை செருப்பால் விரட்டியிருக்கிறார்.

மருத்துவமனையில் கம்பிக் கூண்டு கொடுத்தார்கள். லதா மத்தி மீனைப் பொரித்து உள்ளே வைத்தாள். தானேதார் கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்து, மோந்து பார்த்து, போய்விட்டது. மறுநாளும் அப்படியே. அடுத்த நாள் மத்தியானம், மழை தூறிக்கொண்டிருந்தபோது, டமாரென்று கூண்டின் கதவு விழுந்தது. உள்ளே ஓர் அலறல்.

அந்தோணி மதுவுக்குப் போன் செய்தார். "உடனே கொண்டு வாங்கண்ணா. ரோசிக்கு இன்னிக்கு ஜுரம் வந்திருக்கு" என்றாள்.

கூண்டோடு தெருமுனைக்குப் போனார்கள். முதல் ஆட்டோக்காரர் கூண்டுக்குள் பூனை குதிப்பதைப் பார்த்து, "நஹீ பய்யா", முடியாது என்று தலையாட்டிவிட்டுப் போனார். இரண்டாமவர் நிற்கவே இல்லை. மழை வலுத்தது. நனைந்த தானேதார் கம்பியில் மோதி மோதி மூக்கிலிருந்து ரத்தம் வரவைத்துக்கொண்டது.

"உங்க கூட்டாளி இன்னைக்கு வண்டிய எடுக்கல. வாசல்லதான நிக்கு?" என்றாள் லதா. "எடுங்க."

அந்தோணி அடுத்த ஆட்டோ வருகிறதா என்று தெருவைப் பார்த்தார்.

அவள் கூண்டைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவர் பின்னால் போனார். வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து சக்கரங்களைப் பார்த்தார். பானெட்டைத் திறந்து பார்த்தார், மூடினார். மறுபடி திறந்தார். ஏறி உட்கார்ந்து சாவியைப் பிடித்தபோது மழையிலும் வியர்த்தது. காதுக்குள் அந்தச் சத்தம் கேட்டது.

லதா கூண்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். கம்பி வழியே ஒரு நகம் அவள் புடவையைக் கிழித்துக்கொண்டிருந்தது.

"நானும் பாத்துட்டேன். உள்ள ஒண்ணும் இல்ல. அன்னைக்கும் உங்களுக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தா திருகியிருக்க மாட்டீங்க. எடுங்க."

திருகினார். எஞ்சின் உறுமியது. அவ்வளவுதான், வேறு சத்தம் இல்லை. கியர் போடும்போது அவர் கன்னம் நனைந்திருந்ததை லதா பார்க்காத மாதிரி இருந்தாள்.

தானேதாரை மயக்குவதற்குள் கம்பவுண்டரின் கையுறை கிழிந்தது. ரத்தம் ஒத்துப்போகிறது என்று தெரிந்ததும், மது அதன் கழுத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் எடுத்தாள். அதைக் குழாய்களில் நிரப்பி மெஷினில் வைத்துச் சுற்றவிட்டாள்.

"இது ஒரு தடவைதான். மறுபடி இதுகிட்ட உடனே எடுக்க முடியாது. பூனை ரத்தத்துல பிளேட்லெட் ரொம்ப சீக்கிரம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ஒட்டிக்கிச்சுன்னா எல்லாம் வேஸ்ட்."

மெஷின் நின்றது. குழாயின் அடியில் சிவப்பு தங்கி, மேலே மஞ்சள் தெளிந்திருந்தது. மேலே இருந்ததை உறிஞ்சி எடுத்து மறுபடி சுற்றினாள். அதிலிருந்து ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். நிமிரவில்லை. தகட்டை நகர்த்தினாள். இன்னும் நிமிரவில்லை. அந்தோணி கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஓரத்துல கொஞ்சம் ஒட்டியிருக்கு. மத்தபடி ஓகே. வாங்க."

ரோசிக்கு லேசாகத்தான் மயக்க மருந்து கொடுத்தாள். புண்ணின் ஓரம் நெடுக, சிறிய ஊசியால் அந்த மஞ்சள் நீரைச் செலுத்திக்கொண்டே வந்தாள். பாதி சுற்று முடிந்திருக்கும். கம்பவுண்டர், "மேடம், சாஸ்!" என்றார். மூச்சு. ரோசியின் வயிறு ஏறி இறங்குவது நின்றிருந்தது.

மது ஊசியைக் கீழே போட்டுவிட்டு அதன் நாக்கை இழுத்து, மூக்கில் ஆக்சிஜன் மூடியை அழுத்தி, மார்பைத் தேய்த்தாள். "வா... வா கண்ணா... ஆஜா பேட்டா." லதா அந்தோணியின் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். தூங்க வச்சிருங்க என்று சொன்னவள்தான். இப்போது, "போயிராதட்டி, போயிராத" என்று அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

ஒரு இழுப்பு வந்தது. பிறகு இன்னொன்று. வயிறு அசைந்தது.

மது புது ஊசி எடுத்தாள். பிறகு மிச்சத்தையும் செலுத்தினாள். ஒதுக்கி வைத்திருந்த மஞ்சள் நீரில் கால்சியம் கலந்து, அது கூழ் மாதிரி இறுகியதும் புண்ணின் மேல் பரப்பிக் கட்டினாள். மயக்கம் தெளிந்த தானேதாரைச் சந்திலேயே கொண்டுபோய் விட்டார்கள்.

கட்டைப் பிரிக்கும் நாள் வரை அந்தோணி சரியாகச் சாப்பிடவில்லை. பிரித்த அன்று மது விளக்கை அருகே இழுத்தாள். வெளிறிக் கிடந்த புண்ணின் அடிப்பகுதி சிவந்து, பொடிப் பொடியாகத் துளிர்த்திருந்தது. ஓரத்தில் மெல்லிய வெளுப்புக் கோடாகப் புதுத்தோல் உள்ளே நகர்ந்திருந்தது.

"தானேதார் ரத்தம் பிடிச்சிருச்சு டாக்டர்!"

"இருக்கலாம்ணா. சாப்பிட ஆரம்பிச்சதும் ஒரு காரணம். தினமும் சுத்தம் பண்ணினதும்தான். எது எவ்வளவுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது." பிறகு அவளே சிரித்துவிட்டாள். "ஆனா நானும் சந்தோஷமா இருக்கேன்."

புண் சுருங்கிச் சுருங்கி, ஹோலிக்குப் பிறகு மிச்ச இடத்தை மது தைத்து மூடினாள். இடுப்பில் ஒரு திட்டு வழவழப்பாக, முடியில்லாமல் நின்றுவிட்டது. பின்னங்கால் கொஞ்சம் இழுக்கும். வேறு குறை இல்லை. அந்தோணி அதற்குள் முழு நேரமும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.

ரோசியைச் சந்தில் கொண்டுவந்து விட்டபோது அது நேராகக் காலி சிமெண்டுச் சாக்குகளுக்குப் பின்னால் போய் மறைந்தது. அந்தோணியைக் கண்டால் இன்றுவரை விலகித்தான் போகிறது. லதா மீன் தலைகளை வைத்தால், அவர் வீட்டுக்குள் போன பிறகுதான் கிட்ட வரும். அவரும் போய்விடுவார். ஒரு சாயங்காலம் மீன் வாசனைக்குத் தானேதார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து தட்டில் வாயை வைத்தது. ரோசி அதன் மூக்கில் ஓங்கி ஒரு அறை விட்டது. தானேதார் பின்வாங்கிப் படிக்கட்டில் உட்கார்ந்து, தன் முறைக்குக் காத்திருந்தது.