வேலி போடாத தோட்டத்தில் முருங்கை

செந்தூல் ரயில் குவார்ட்டர்ஸ் நண்பர்களுக்கு, இன்று மாலை நடந்ததை எழுதி நம் படிப்பகப் பலகையில் ஒட்டுகிறேன்.

சம்பளம் குறைந்த பிறகு, குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் பதினான்கு வீடுகள் சேர்ந்து காய்கறித் தோட்டம் போட்டோம். பொது நிலம், யாரும் வேலி போடக்கூடாது என்று பேச்சு.

யாரும் போடவில்லை. எல்லை தெரியட்டும் என்று ஆளுக்கொரு முருங்கைக் கொம்பை மட்டும் பாத்தி ஓரத்தில் ஊன்றினோம். நானும்தான்.

இந்த ஊர் மழைக்கு அவை கூரைக்கு மேல் வளர்ந்துவிட்டன. காய் இல்லை, கீரைதான்; எல்லா வீட்டிலும் தினமும் அதுதான். கத்திரிச் செடிகள் நிழலில் வெளுத்துப் போயின.

இன்று மரங்களை வெட்ட எல்லாரும் பாராங் கத்தியோடு கூடினோம். ஒருவரும் கை ஓங்கவில்லை.

"நீங்க முதல்ல வெட்டுங்கண்ணே," என்றான் பட்டறை ஃபிட்டர் முனியாண்டி.

"உன் மரந்தான் பெரிசு, நீயே ஆரம்பிப்பா," என்றேன்.

அடுத்த வீட்டுப் பாக்கியம் அக்கா எங்களை விலக்கிக்கொண்டு போய்த் தன் மரத்தில் முதல் வெட்டு வெட்டினார். "கத்திரிக்கா திங்கணுமா, எல்லை காக்கணுமா?"

அதன்பின் அரைமணி நேரத்தில் எல்லா மரங்களும் சாய்ந்தன. பாத்திகளில் வெயில் விழுந்தது.

திரும்பும்போது பார்த்தால், அக்கா தோளில் ஒரு கொம்பு.

"இது எதுக்குக்கா?"

"நல்ல கொம்பு தம்பி, வீணாப் போடுறதா? வாசல்ல ஊனி வைக்கலாம்னு."

என் தோளில் இரண்டு இருந்ததால் மேற்கொண்டு கேட்கவில்லை.

முருங்கைக்கீரை இன்னும் வேண்டும் என்கிற வீடு ஒன்றாவது இருந்தால் இதன் கீழே எழுதவும். நிறைய இடம் விட்டிருக்கிறேன்.