நாக்பூர் வராத ரோடு

பழைய வீடியோ கேம் உசத்தியா, புதுசு உசத்தியா என்று எனக்கும் என் மகளுக்கும் எங்கள் சூரமங்கலம் வீட்டில் ஓயாத வழக்கு ஒன்று நடந்துகொண்டிருந்தது. அவள் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். நான் நாற்பதைத் தாண்டியவள், கண் மருத்துவமனை ஒன்றில் பார்வை சோதிக்கும் வேலை. "மேல் வரியைப் படிங்க, கீழ் வரியைப் படிங்க" என்று காலையிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் வலிக்க வீடு வந்து சேர்ந்தால், செருப்பைக் கழற்றுவதற்குள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, மழையில் ரோடு எப்படிப் பளபளக்கிறது பார் என்பாள். எனக்குக் கோபம் வரும். பொதுவாகவே எனக்குக் கோபம் சீக்கிரம் வரும்.

நான் பழைய கேம் கட்சி. மஞ்சள் கேசட்டை எடுத்து, அடியில் பூ என்று ஊதி, பெட்டிக்குள் சொருகி அமுக்கினால் ஆட்டம் ஆரம்பம். படம் வரவில்லையா, இன்னொரு தரம் ஊது. கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கில் விளையாட்டு இருப்பதாகப் போட்டிருக்கும், எண்ணிப் பார்த்தால் ஏழோ எட்டோதான் தேறும். போகட்டும், அந்த ஏழெட்டை வைத்துக்கொண்டு ஒரு முழு ஆண்டுப் பரீட்சை லீவை ஓட்டியவள் நான். மூன்று உயிர் கொடுப்பார்கள். மூன்றும் போனால் போனதுதான். இவள் விளையாடுகிற கேம்களோ ஆரம்பிப்பதற்கே அரைமணி நேரம் அப்டேட் ஆகும். அப்புறம் எப்படி நடப்பது, எப்படித் திரும்புவது என்று கைப்பிடித்துச் சொல்லிக்கொடுக்கும். சோறு ஊட்டிவிடாத குறைதான்.

"உங்க கேம்ல ஒரே மரம் திருப்பித் திருப்பி வரும்மா" என்பாள் மகள். வரும்தான். அந்த மரத்தை அவள் குறை சொன்னால் எனக்கு ஏன் அவ்வளவு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது என்பதைச் சொல்லவேண்டுமானால் என் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அப்பா லாரி டிரைவர். எங்கள் ஊர் நாமக்கல் பக்கம். அங்கிருந்து வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்பிவர இருபது நாளாகும். வந்தால் இரண்டு நாள் வீட்டில் இருப்பார், அதில் ஒரு நாள் தூங்கிவிடுவார். மிச்சமிருக்கிற ஒரு நாளில்தான் எங்களுக்கு அப்பா. அந்த ஒரு நாளில் அவர் ரோட்டுக் கதையாகச் சொல்லுவார். எல்லாக் கதையிலும் எப்படியாவது நாக்பூர் வந்துவிடும். நாக்பூரில் ஆரஞ்சு வாங்கினேன், நாக்பூரில் மழையில் மாட்டிக்கொண்டேன், நாக்பூர் தாண்டி ஒரு டாபாக்காரன் நம்ம ஊர்ச் சோறு போட்டான். டிரைவருக்கு இடது பக்கத்தில் கிளீனர் உட்காரும் இடத்தில் என்னை உட்காரவைத்து ஒரே ஒரு தடவை நாக்பூருக்குக் கூட்டிப்போகச் சொல்லி, ஒன்பது வயதில் நான் பிடித்த அடம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்து பார்த்தேன்.

"பொம்பளப்புள்ளையக் கூட்டிக்கிட்டு லோடு வண்டியில எங்க சாமி போறது" என்று சொல்லிவிட்டு அப்பா கிளம்பிப் போய்விட்டார். பிள்ளைகளைச் செல்லமாகச் சாமி என்றுதான் கூப்பிடுவார். நான் வண்டி திரும்புகிற முனை வரைக்கும் அழுதுகொண்டே ஓடினேன்.

அடுத்த தடவை வரும்போது டெல்லியிலிருந்து அந்த வீடியோ கேம் பெட்டியை வாங்கி வந்தார். டி.வி.யில் ஒயரை மாட்டி, சேனலைத் திருகித் திருகிப் படம் பிடித்து, கார் ரேஸ் கேம் வந்ததும் கன்ட்ரோலை என் கையில் கொடுத்து, இதிலேயே ஓட்டிக்கொள் என்றார். நாக்பூருக்குப் பதிலாக எனக்குக் கிடைத்தது அந்த ரோடு. அதனால்தான் அதில் ஒரே மரம் வந்தாலும் எனக்குக் குறையாகத் தெரிந்ததில்லை.

அப்பாவும் விளையாடுவார். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன விரலுக்கு அந்தப் பொத்தான்கள் சின்னவை. ஹார்ன் எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்டார். இல்லை என்றதும் முகம் சுருங்கிவிட்டது. வளைவில் ஓவர்டேக் பண்ண மாட்டார். பின்னால் கார் வந்தால் ஒதுங்கி வழி விடுவார். ரேஸில் வழிவிட்டால் ஜெயிப்பது எப்படி? ஒவ்வொரு தடவையும் கடைசியாக வருவார். நான் தலையில் அடித்துக்கொள்வேன். அவர் சிரித்துக்கொண்டே கன்ட்ரோலை என்னிடம் கொடுப்பார்.

ஒரு நாள், "இந்த ரோடு எந்த ஊருக்குச் சாமி போவுது?" என்று கேட்டார்.

ஊரெல்லாம் வராது, பாயின்ட்தான் வரும் என்றேன். நாக்பூர்கூட வராதா என்றார். வராது என்றேன். அதன் பிறகும் அவர் என்னோடு உட்கார்ந்து விளையாடினார். ஆனால் அந்தக் கேமை அவருக்குப் பிடித்ததா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்குப் பிடித்தது அவருக்கும் பிடிக்கும் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.

அம்மா போன பிறகு அப்பா எங்களோடு சூரமங்கலத்துக்கு வந்துவிட்டார். வந்தாலும் சும்மா இருக்கவில்லை. அறுபத்தாறு வயதிலும் வாரத்துக்கு இரண்டு நாள் டவுன் பஸ் பிடித்துப் போய், தெரிந்தவர் வண்டியில் ஈரோடு, ஓசூர் என்று பக்கத்து லோடு ஓட்டிவிட்டு வருவார். போன வருஷம் ஹெவி லைசென்ஸைப் புதுப்பிக்கக் கண் சான்றிதழ் தேவைப்பட்டது. வேறு எங்கும் போகாமல் நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரிக்கே வந்தார். நம் பிள்ளை இருக்கிறது என்ற தைரியம். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார்.

வலது கண்ணில் குறையில்லை. வலதை மூடி இடது கண்ணால் படிக்கச் சொன்னேன். கடகடவென்று படித்தார். நான் மேலிருந்து மூன்றாவது வரியைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் கடைசி வரியை முடித்துவிட்டார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வெளியே பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தவர், தனக்கு முன்னால் போனவர்கள் படிப்பதைக் காதால் கேட்டே மனப்பாடம் பண்ணியிருக்கிறார். லைசென்ஸுக்கு வரும் டிரைவர்கள் பலபேர் இதைச் செய்வார்கள். நாங்கள் அவர்களைக் கையும் களவுமாகப் பிடித்துச் சிரித்துக்கொள்வோம். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அப்புறம் ரோட்டில் இடது ஓரமாகப் போகிற சைக்கிள்காரர்களையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் நினைத்தேன். எழுத்து அட்டையை எடுத்துவிட்டு எண் அட்டையை மாட்டினேன். அப்பா வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வரியில் ஒரே ஒரு எண்தான், என் உள்ளங்கை அளவு. அவர் படிக்கவில்லை. சர்க்கரை வியாதியில் இடது கண் எப்போதோ போயிருந்தது, எங்களிடம் சொல்லாமல் மறைத்திருக்கிறார். நான் உள்ளதை உள்ளபடி எழுதினேன். டாக்டர் சான்றிதழ் தர மறுத்துவிட்டார். லைசென்ஸ் போயிற்று.

அதிலிருந்து எட்டு மாதம் அப்பா என்னோடு பேசவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், பதிலுக்கு நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். தட்டில் சோறு வைத்தால் சாப்பிடுவார். எதுவும் வேண்டுமென்றால் என் மகளிடம் சொல்லுவார். வாசலில் நாற்காலி போட்டு, ரோட்டில் போகிற வண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். சத்தத்தை வைத்தே எந்த வண்டி, எத்தனை லோடு என்று அவருக்குத் தெரியும், ஆனால் அதைச் சொல்ல அவருக்கு ஆள் வேண்டியிருக்கவில்லை. நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். அது ஒரு நாளும் எனக்கு ஆறுதலாக இருந்ததில்லை.

இந்த நிலைமையில்தான் போன மாதம் என் மகள் சிநேகிதியிடமிருந்து ஒரு ஸ்டியரிங் செட்டை இரவல் வாங்கி வந்தாள். வட்டமாக நிஜ ஸ்டியரிங், கீழே பிரேக், ஆக்ஸிலேட்டர், கிளட்ச். லேப்டாப்பை டி.வி.யோடு சேர்த்து ஒரு லாரி கேமைப் போட்டாள். யாரோ புண்ணியவான்கள் அந்தக் கேமுக்குள் நம் நாட்டு ரோட்டையெல்லாம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். லாரி முகப்பில் நம் பக்கத்துப் பெயின்ட், பூ, கண்ணாடி மணி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ரயில்வேயில் வேலை பார்க்கும் என் கணவர் டியூட்டிக்குப் போயிருந்தார். மகள் வாசலுக்குப் போய்த் தாத்தாவிடம், "அப்புச்சி, ஒரு லோடு இருக்குது, வாரீங்களா?" என்று கேட்டாள்.

வேண்டாத வேலை என்று நான் சமையலறையிலிருந்து முணுமுணுத்தேன். ஒரு கேமைக் கொடுத்து அவரைச் சமாதானம் பண்ணுவதா, சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல என்று எனக்கு எரிச்சல். ஒன்பது வயதில் எனக்கும் அதைத்தானே செய்தார் என்பது அப்புறம்தான் உறைத்தது.

அப்பா வந்தார். டி.வி.யைப் பார்த்தார், ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்தார். குளியலறைக்குப் போய் முகம் கழுவி, திருநீறு வைத்துக்கொண்டு, நேராகச் சமையலறைக்குள் வந்து என்னைப் பார்க்காமலேயே கூடையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு போனார். வண்டி எடுப்பதற்கு முன்னால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவது வழக்கம். இங்கே டயருக்கு எங்கே போவது? மகளின் சுழல் நாற்காலிக்கு அடியில் சக்கரம் இருந்தது. அதன் முன்னால் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்து, "தள்ளு கண்ணு" என்றார். மகள் சிரிக்காமல் தள்ளினாள். பழம் நசுங்கி டைல்ஸெல்லாம் சாறு. வேறு நாளாக இருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும்.

வண்டி கிளம்பியது. லோடு நாக்பூருக்கு. மகள்தான் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்திருந்தாள், அந்தக் கதைகளையெல்லாம் என்னிடமிருந்து கேட்டு வளர்ந்தவள். நீளமான ரோட்டைத் தாண்டிக் குதித்து ஊருக்குப் பக்கத்தில் போய்விட ஒரு பொத்தான் இருந்தது. அப்பா வேண்டாம் என்றுவிட்டார். பின்னால் ஒரு கார் ஒட்டிக்கொண்டு வந்தபோது வலது பக்க இண்டிகேட்டரைப் போட்டார். முந்திப் போகலாம் என்று பின்னால் வருகிறவனுக்குச் சொல்ல நம் லாரிக்காரர்கள் அப்படித்தான் போடுவார்கள். கம்ப்யூட்டர் காருக்கு அது தெரியுமா? லாரி வலது பக்கம் திரும்பப் போகிறதென்று நினைத்து அதுவும் பின்னாலேயே ஊர்ந்தது. அப்பா விடாமல் இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டே இருந்தார். இவனுக்கெல்லாம் யார் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார். எட்டு மாதத்தில் அவர் குரலில் உயிர் வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். கரண்டியைப் பிடித்தபடி கதவோரம் வந்து நின்றேன்.

அப்போதுதான் விபத்துகள் ஆரம்பித்தன. முதலில் ஒரு மைல்கல்லில் உரசினார். அப்புறம் டோல்கேட் தூணில். பெட்ரோல் பங்கில் நுழையும்போது ஓரமாக நின்றிருந்த ஒரு வேனில் இடித்து, திரை முழுக்கச் சிவப்பாக எழுத்து வந்தது. மகளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஸ்டியரிங் இழுக்கிறதோ என்னவோ என்று குனிந்து ஒயரைப் பார்த்தாள். எனக்குப் புரிந்தது. மூன்றும் இடது பக்கம்.

அவருக்கும் புரிந்துவிட்டது. வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினார். கையை ஸ்டியரிங் மேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் அந்த எண் அட்டை முன்னால் உட்கார்ந்திருந்த அதே மாதிரி. அவமானப்பட்ட மனுஷனை இரண்டாம் முறையும் வேடிக்கை பார்க்கிறேனே என்றிருந்தது எனக்கு. எழுந்து போய்விடுவார், இனி இந்தப் பக்கமே வரமாட்டார் என்று நினைத்தேன். உள்ளே போய்விடலாமென்று திரும்பினேன்.

"சாமி" என்றார்.

மகளைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அப்பாவும் முழுசாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் அவருக்கு இடது பக்கத்தில் நின்றிருந்தேன், அவ்வளவு திருப்பினால்தான் என்னைப் பார்க்க முடியும்.

"இக்கட்டால வந்து உக்காரு. கிளீனர் இல்லாம வண்டிய எடுத்தது என் தப்புத்தான்" என்றார்.

அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து அவருடைய இடது பக்கம் போட்டு உட்கார்ந்தேன். கையில் இன்னும் கரண்டி இருந்தது. மகள் அதை வாங்கிக்கொண்டு போனாள்.

அப்பா எஞ்சினை முடுக்கினார். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "லெப்ட்டு எனக்குத் தெரியல சாமி. அன்னைக்குச் சொன்னாப்புல நீ பாத்து உள்ளதச் சொல்லு" என்றார்.

எனக்குத் திரை முழுக்க மழை பெய்ததுபோல் மங்கிவிட்டது. ஆனாலும் அது என் வேலை, முந்தானையால் துடைத்துக்கொண்டு இடது ஓரத்தைப் பார்த்தேன். சைக்கிள்காரர் யாரும் இல்லை. கல் இல்லை, தூண் இல்லை.

"வரலாம்ப்பா, வரலாம்" என்றேன்.

பழைய கேம்தான் உசத்தி என்று இப்போதும் மகளிடம் சண்டை போடுகிறேன், சும்மா விட்டுக்கொடுக்க முடியாதல்லவா. ஆனால் அந்தப் பழைய ரோட்டில் மரத்துக்கப்புறம் மரம்தான் வந்தது. இந்த ரோட்டில் அன்று சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, போட்ட டீயெல்லாம் ஆறிப்போன பிறகு, பச்சை போர்டு ஒன்று வந்தது. என்ன போட்டிருக்கிறது படி என்றார் அப்பா. நாக்பூர் என்று படித்துச் சொன்னேன்.