நீட்டிப்பு இல்லாத வரிசை

ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சிறு நகரத்தின் சரித்திரம் வேண்டுமென்றால் நகரசபை அச்சடித்த மலரைப் புரட்ட வேண்டாம், கல்லறைத் தோட்டத்தில் நடந்தால் போதும். முன் வரிசைகளில் விவசாயிகள். அடுத்து, போர் முடிந்து கிழக்கிலிருந்து துரத்தப்பட்ட ஜெர்மானியர். பிறகு தொழிற்சாலைக்கு வந்த இத்தாலியர். கடைசி வரிசையில் ஈழத்திலிருந்து வந்த நாங்கள். இங்கே கல்லறையும் வாடகைதான். இருபது வருடம் முடிந்து, காசு கட்டி நீட்டிக்காவிட்டால் கல்லைப் பிடுங்கிவிடுவார்கள்.

பிடுங்குகிறவர் எங்கள் அந்தோனிப்பிள்ளை அண்ணை. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து நகரசபையில் வேலைக்குச் சேர்ந்தவர். எத்தனையோ பேரின் கற்களை முகம் மாறாமல் தூக்கியிருக்கிறார். அவற்றை உடைத்துச் சல்லியாக்கி நடைபாதைகளுக்குப் போடுவார்கள்.

இந்த வசந்தத்தில் கடைசி வரிசையின் முறை வந்தது. ஊரில் சனம் பெருகிவிட்டதாம், பிள்ளைகளுக்கு விளையாட்டிடம் வேண்டுமாம், ஆகவே நீட்டிப்புக் கிடையாதாம். அந்த வரிசையில்தான் அவருடைய மனைவி சந்திரகாந்தி இருந்தார்.

கூட வேலை செய்யும் கிருபன், "அண்ணை, நீங்கள் வீட்டை போங்கோ. நான் எடுக்கிறன்" என்றான்.

"வேற ஆக்கள் கை வைக்க ஏலாது. நான்தான் எடுப்பன்."

"அப்ப கல்லை வீட்டை கொண்டு போங்கோவன்."

"மூண்டாம் மாடி பல்கணியிலையோ வைக்கிறது? உயிரோட இருக்கேக்க மூண்டு மாசத்துக்கு ஒருக்கா விசா நீட்டிக்கொண்டு திரிஞ்சவள். இனி விடு."

கல்லை அவரே லொறியில் ஏற்றினார்.

அந்தச் சல்லியை எங்கே கொட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. இப்போதெல்லாம் எந்த நடைபாதை வந்தாலும் அவர் சைக்கிளை விட்டு இறங்கி, ஓரத்துப் புல்லில் உருட்டிக்கொண்டு போகிறார்.