சீர் வண்டிக்குப் புது பேட்டரி

காலை ஆறு ஐந்து. பானெட்டைத் தூக்கியதும் முதலில் கண்ணில் பட்டது, பேட்டரி முனைகளில் பூத்திருந்த பச்சைப் பொடி. பெட்டியின் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தால் ‘டக்’கென்று ஒரு சத்தம், அதோடு சரி. முந்தின நாள் மாலை கோச்சடையிலிருந்து தல்லாகுளம் வரை முனகாமல் போய்த் திரும்பிய வண்டி.

அன்று எழுமலையில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் கொண்டுவந்து இறக்க வேண்டும். அவர் மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் குத்த வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை கிடையாது, நானும் தங்கையும்தான். சித்தப்பா மகன் செய்யட்டும் என்று தங்கையின் கணவர் முடிவு செய்திருந்தார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. சீரை நான்தான் கொண்டுவருவேன், அப்பாவின் காரில் கொண்டுவருவேன், பிள்ளை என் மடியில்தான் உட்காரும் என்று சொன்னேன். இரண்டு வாரம் போனில் மல்லுக்கட்டிய பிறகு அவர் ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்தார்.

“அந்த ஓட்ட வண்டி தானா மண்டபத்துக்கு வந்து சேரட்டும் மதினி, நீங்களே எறக்குங்க. தள்ளிக்கிட்டு வந்தீகன்னா ஒங்க தம்பிதான் எறக்குவாரு.”

“எழுதிக்கிருவமா?”

“அய்யய்யோ, வேணாம். நீங்க பேப்பர்ல வேல பாத்தவுக. எழுத்துல வந்தா எங்களால செயிக்க முடியாது.”

எழுபது வயதை நெருங்கும் ஆங்கிலேயக் கார் அது. நான் ஓட்டப் பழகியதும் அதில்தான்.

தெரிந்த பேட்டரிக் கடைக்காரரைப் போனில் எழுப்பினேன். ஏழு மணிக்குள் ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் புது பேட்டரியை நிறுத்திக்கொண்டு வந்துவிட்டார். தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, மூடி முத்திரையிட்ட பேட்டரி. பழையது இருந்த பெட்டிக்குள் அது ஆடியது. டயர் ரப்பரை வெட்டி இரண்டு பக்கமும் திணித்து நிறுத்தினார். அதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது.

ஒயரை மாட்டும்போது தடுமாறினார். காரின் உடம்போடு சேரும் பட்டையின் கிளாம்ப், மைனஸ் முனையில் பிடிக்காமல் தொளதொளவென்று சுற்றியது. பையிலிருந்து ஈயத்தகடு ஒன்றை எடுத்து முனையைச் சுற்றிக் கட்டப் போனார்.

“அது பிளஸ்ல மாட்டுறது” என்றேன்.

“இது எர்த்து, அக்கா. எர்த்துன்னா மைனஸ்தான்.”

“இந்த வண்டியில இல்ல. நீங்க பழச கழட்டும்போது பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். அந்தப் பட்டை பிளஸ்ல இருந்துச்சு.”

“மாத்தி மாட்டியிருப்பாய்ங்க. அதான் பேட்டரி செத்துருச்சு.”

“மாத்தி மாட்டுனதுக்குத் தக்கன கிளாம்ப்பும் பெருத்துருச்சாக்கும்?”

அவர் கிளாம்ப்பைத் திருப்பிப் பார்த்தார். எந்தப் பேட்டரியிலும் பிளஸ் முனை சற்றுத் தடிமன். பட்டையின் கிளாம்ப் அந்த அளவுக்குத்தான் செய்யப்பட்டிருந்தது. இப்போது ஓடும் வண்டிகளில் மைனஸ் உடம்போடு சேரும். இது தயாரான காலத்தில், அந்த நாட்டில், பிளஸ்ஸைச் சேர்த்தார்கள். மாற்றி மாட்டினால் வண்டி கிளம்பக்கூடக் கிளம்பும். போகும் வழியில் டைனமோ கருகும்.

“அக்கா, பிளஸ்ஸ பாடியில குடுத்து தீப்பிடிச்சா நான் பொறுப்பில்ல.”

“பொறுப்பு என்னுது. ஸ்பேனர குடுங்க.”

கொடுத்தார், கொடுத்துவிட்டு வாசல் வரை தள்ளிப் போய் நின்றுகொண்டார். பட்டையைப் பிளஸ்ஸில் வைத்தேன். ஈயத்தகடு தேவைப்படவில்லை. இன்னொரு ஒயரை மைனஸில் இறுக்கினேன். குமிழை இழுத்தேன். எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. சார்ஜ் முள் ஏற வேண்டிய பக்கம் ஏறியது. அவர் திரும்பி வந்து, பேட்டரியின் தலையில் குங்குமம் வைத்தார்.

“எதுக்கும் இருக்கட்டும்க்கா” என்றார்.

பின்சீட்டில் சீர்த்தட்டுகளை அடுக்கிக்கொண்டு கிளம்பினேன். செக்கானூரணி தாண்டியதும் ஒரு வெள்ளைக் கார் ஒட்டிவந்து கண்ணாடியை இறக்கியது. சித்தப்பா மகன்.

“அக்கா, கயிறு வச்சிருக்கேன். கட்டி இழுக்கவா?”

“ஒன் வண்டிக்கு ஆகும், பத்திரமா வச்சுக்க.”

சிரித்துக்கொண்டே முந்திப் போய்விட்டான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனைக் கூப்பிட்டார்கள், வந்தான். என்னைத்தான் யாரும் கூப்பிடவில்லை.

எழுமலைக் கடைவீதி முனையில் கொட்டுக்காரர்கள் நின்றிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்து மண்டப வாசலை அடைந்தேன். தங்கையின் கணவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு, கூடியிருந்தவர்கள் காதில் விழும்படி சொன்னார்:

“வீட்டுல நாலு பேர விட்டுத் தள்ளி ஸ்டார்ட் பண்ணிட்டு, எங்கயும் நிப்பாட்டாம வந்துருக்காக. எஞ்சின அமத்துனா தெரியும் சேதி.”

நான் எஞ்சினை அணைத்தேன். கொட்டுச் சத்தமும் நின்றிருந்தது. தள்ளுவதற்கு மூன்று பேர் வண்டியின் பின்னால் போய்க் கை வைத்தார்கள்.

“யாரும் தொடாதீக. கைய எடுங்க.”

எடுத்தார்கள். இறங்கி, கதவைச் சாத்தி, ஒரு கிளாஸ் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். அவசரமில்லை என்பது அவருக்கும் தெரியட்டும் என்றிருந்தது. திரும்ப ஏறி, ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துக்கொண்டே குமிழை இழுத்தேன். ஒரே இழுப்பில் பிடித்தது.

“பெறகென்ன மாப்ள, வழிய விடு” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

தங்கையின் கணவர் வாசலை விட்டு விலகினார். சித்தப்பா மகன்தான் முதலில் வந்து பின்கதவைத் திறந்தான். “எதை மொதல்ல எறக்கட்டும்க்கா?” என்று கேட்டான். பழத்தட்டைக் காட்டினேன்.

பிள்ளை என் மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி இடது காதில் முதலில் குத்தினார்.