அலமாரி மேல் வைத்த மீட்டர்

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு 'டிஷ்யூ அக்கா' என்று பெயர். காற்றை வடிகட்டும் இயந்திரங்களைச் சோதிக்கிற இடம் அது. பதினாறு வருடமாக அங்கே டெக்னீஷியன். கைப்பையில் வேறு எது இல்லாவிட்டாலும் மெல்லிசாகக் கிழித்த டிஷ்யூ காகிதம் இருக்கும். கதவிடுக்கு, ஜன்னல், எதைக் கண்டாலும் அதைத் தொங்கவிட்டுக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பாள். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் இதே கூத்துதான். கணவர் தலையில் அடித்துக்கொள்வார்.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு நாள் அந்தக் காகிதத்தை எடுக்க மறந்தாள். அதுவும் எங்கே? பெற்ற மகள் படிக்கிற வகுப்பில்!

பள்ளி, லாரிகள் ஓடும் சாலையோரத்தில் இருந்தது. புது வடிகட்டி ஒன்றை அங்கே ஒரு மாதம் ஓடவிட்டுப் பார்ப்பதென்று முடிவாயிற்று. அக்கா இயந்திரத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, தூசியை அளக்கும் மீட்டரைப் பெஞ்சில் வைக்கப் போனாள்.

"பசங்க நோண்டிடுவாங்கம்மா, அலமாரி மேல வெச்சிடுங்க" என்றார் தலைமை ஆசிரியை.

மகளோ தோழிகளிடம் "எங்கம்மாடி, எங்கம்மா" என்று காட்டிக்கொண்டிருந்தாள். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சரியென்று மேலே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

எண்கள் பிரமாதமாக வந்தன. ஆராய்ச்சிக்கூடத்து எஞ்சினியருக்குத் தலைகால் புரியவில்லை. இதே இயந்திரத்தை நாற்பது பள்ளிகளில் மாட்டலாம் என்று அறிக்கை எழுத ஆரம்பித்துவிட்டார்.

மகள் மட்டும் முதல் வாரத்திலேயே சொன்னாள்: "அம்மா, கிளாஸ்ல மூச்சு முட்டுது."

"சும்மா நடிக்காதடி! அங்க காத்து எவ்வளவு சுத்தம்னு எனக்குத் தெரியும். ஸ்கூலுக்கு மட்டம் போட இது ஒரு சாக்கா?"

மறுபடி ஒரு தடவை சொன்னாள், அதே பதில். பிறகு சொல்லவில்லை. சரியாகிவிட்டது என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

கடைசி நாள் மீட்டரைக் கழற்றப் போனபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அலமாரியின் மறுகோடியில் விரலால் எழுதலாம் போலத் தூசி. மீட்டர் இருந்த இடம் மட்டும் பளபளவென்று இருந்தது. அக்காவுக்குத் திக்கென்றது. டிஷ்யூவை எடுத்து நீட்டினாள். அது படபடவென்று அடித்துக்கொண்டது. இயந்திரம் ஊதும் சுத்தமான காற்று நேரே மீட்டர் மேல்தான் விழுந்துகொண்டிருந்தது. பிள்ளைகளின் காற்றை அது ஒரு நாளும் பார்க்கவே இல்லை!

மீட்டரை மகளின் பெஞ்சில் வைத்தாள். மேலே தூசி அளவு எட்டு என்று காட்டியது, இங்கே எழுபதைத் தாண்டியது.

வராந்தாவுக்கு வந்து எஞ்சினியரை அழைத்தாள். "சார், ரிப்போர்ட்டை அனுப்பாதீங்க. மீட்டரைத் தப்பான இடத்துல வெச்சிட்டேன்."

"நீங்களாம்மா?"

"நானேதான் சார்."

"ஒரு மாச வேலை போச்சே!"

"போகட்டும் சார். திரும்பச் செய்வோம்."

சாயங்காலம் மகளோடு வீட்டுக்கு வந்தாள். வீடு மூன்றாவது மாடியில். இரண்டாவது மாடியிலேயே மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது.

"இன்னும் முட்டுதாடி?"

"ம்."

"அப்புறம் ஏன் சொல்லவே இல்ல?"

"சொன்னா நடிக்கிறேன்னு சொல்லுவ."

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். மகளின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "நீ சொன்னதுதான்டி சரி. அம்மாதான் தப்பு பண்ணிட்டேன். இனிமே மூச்சு முட்டினா உடனே சொல்லு."

மகள் அவள் முகத்தையே பார்த்தாள்.

"திட்ட மாட்டியே?"